வெளிச்சம் புகாத கட்டர்

கம்பி வெட்டுகிற கட்டரின் வாயை அழுத்தி மூடி, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணை இறுக்கிக்கொண்டு பார்க்கிறார். மூடிய இரண்டு முனைகளுக்கும் நடுவே மயிரிழை அளவு வெளிச்சம் தெரிகிறது. "இது பல்லை இளிக்குது," என்று ஓரமாக வைக்கிறார். அடுத்ததை எடுக்கிறார். அதுவும் இளிக்கிறது. பன்னிரண்டில் ஐந்து தேறுவதற்குள் மேஜையில் இருக்கும் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அந்த டீயையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிப்பார்.

சம்பளச் சீட்டில் இவர் ஸ்டோர் பொறுப்பாளர். மூன்றாவது மாடியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஜன்னல் அக்கா. லிஃப்டுக்குள் நாம் அழுத்துகிறோமே, மாடி எண் போட்ட பொத்தான் பலகை, அதைச் செய்கிற பட்டறை இது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கருவி விற்க வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறித்தான் வரவேண்டும். அக்காவுக்கு இதில் ஒரு சௌகரியம். "மூணு மாடி ஏறி வந்தவனுக்குப் பொய் சொல்ல மூச்சு இருக்காது. அப்பவே கேட்டுடணும்," என்பார்.

வெளிச்சத்தில் தேறிய கட்டருக்கு அடுத்து முடிப் பரீட்சை. கைப்பையில் இருக்கும் சீப்பிலிருந்து தன் முடி ஒன்றை எடுத்து, இரண்டு விரலில் தொங்கவிட்டு, கட்டரின் நுனியால் வெட்டுவார். முடி துண்டாக விழ வேண்டும். மடங்கி நழுவினால் கட்டர் பெட்டிக்குப் போகும். "அக்கா தலை வழுக்கையாகறதுக்குள்ள நமக்கு நல்ல கட்டர் வந்துடணும்," என்று பெஞ்சில் இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். முடிக்கு அப்புறம் செம்புக் கம்பி. வெட்டிய முனையைப் புறங்கையில் வைத்து இழுத்துப் பார்ப்பார். கீறினால் ஆகாது. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துக் காட்டப் போனால், "அது பெட்டிக்கு எழுதினது. கட்டர் என்ன சொல்லுதுன்னு நான் கேட்டுக்கறேன்," என்று வாயை அடைத்துவிடுவார்.

பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கைச் செதுக்குகிற சின்ன கிரைண்டருக்கு வேறு பரீட்சை. அதன் மூக்கில் ஒரு நேரான எஃகுக் குச்சியை மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, பென்சில் நுனியை லேசாக அதன்மேல் வைப்பார். குச்சியைச் சுற்றி முழு வளையமாகக் கோடு விழுந்தால் நேராகச் சுற்றுகிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் ஆட்டம் இருக்கிறது. பிறகு மேஜையின் மேல் அதை ஓடவிட்டு, ஒட்டினாற்போல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் சலனமில்லாமல் இருக்க வேண்டும். "நாம பாத்தா ஏமாந்துடுவோம். தண்ணி ஏமாறாது."

பொறுப்புக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கொடுக்கிற கருவி ஒவ்வொன்றுக்கும் நொட்டை சொல்லிக்கொண்டே இருந்ததில் முதலாளி சலித்துப்போய், "நீயே வாங்கித் தொலைம்மா," என்று ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டிலும் இதே கதைதான். நகவெட்டி வாங்கக்கூட வெயில் இருக்கிற கடையாகப் பார்த்துத்தான் போவார். "என்னையும் ஜன்னல்ல தூக்கிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா," என்று அவர் கணவர் வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்வதுண்டு. "அன்னிக்கு மேகமூட்டம்," என்பார் அக்கா, சிரிக்காமல்.

இப்படிப்பட்டவருக்கு எதிரி இல்லாமல் இருக்குமா? இருந்தார், அதுவும் சொந்த வீட்டிலேயே. கணவரின் தங்கை. அதே பட்டறையில் நாலாவது பெஞ்சு, பத்தொன்பது வருஷ அனுபவம். பன்னிரண்டு மாடிப் பலகை என்றால் பன்னிரண்டு பொத்தான், பொத்தானுக்கு நாலு கம்பி. அந்த நாற்பத்தெட்டுக் கம்பியையும் சடை பின்னியது போல ஒழுங்காகக் கட்டி, அளவாக வெட்டி, பெட்டிக்குள் அடக்குவதில் நாத்தனாருக்கு இணை அந்த மாடியில் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில், அக்கா எல்லாருடைய கருவிகளையும் வாங்கிச் சோதித்தார். நாத்தனார் பதினோரு வருஷமாகச் சொந்தக் கட்டர் ஒன்று வைத்திருந்தார். அதையும் ஜன்னலில் தூக்கிப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "பல்லை இளிக்குது," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப் பேச்சு இல்லை. ஒரே சமையலறைதான், ஆனால் எந்தச் சேதியும் அண்ணன் வழியாகத்தான் போகும், வரும்.

"உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க, மோட்டார நிறுத்தியாச்சான்னு."

"நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சுன்னு சொல்லுண்ணா."

நடுவில் அந்த மனுஷன் செய்தித்தாளைத் திறந்து முகத்தை மூடிக்கொள்வார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அதே மூன்று மாடிப் படியில் நாத்தனார் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. பிடி மட்டும் கூடவில்லை. காலையில் ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்கு மேல் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சொன்ன பேச்சைக் கேட்காது. போன மாதக் கடைசியில் ஒரு நாள், வேலை முடியப்போகும் நேரத்தில், கையிலிருந்து கட்டர் நழுவிப் பலகையின் முகத்தில் விழுந்தது. பளபளப்பான எஃகுத் தகட்டில், ஏழாம் மாடிக்குக் குறுக்கே ஒரு கோடு. அது மூன்றாவது முறை.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, வேலை முடிய வேண்டும் என்ற கவலை அவருக்கு. "ஒண்ணாந்தேதிலேருந்து கீழ பேக்கிங்குக்குப் போயிடும்மா. ஸ்டிக்கர் ஒட்டற வேலைதான், கைக்கும் ரெஸ்ட்," என்றார். நாத்தனார் தகட்டின் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில், "சனிக்கிழமை ஒரு முழுப் பலகை தர்றேன். காலைல பெட்டி, மத்தியானம் கம்பி. கோடு விழுந்தா நானே இறங்கிப் போயிடறேன்," என்றார். சூப்பர்வைசர் சரி என்றார். அன்று திங்கள்.

விழுந்த கட்டர் ஸ்டோருக்கு வந்தது. அந்த மாதம்தான் அக்கா தேர்ந்தெடுத்து வாங்கிய பன்னிரண்டில் ஒன்று அது. ஜன்னலில் பார்த்தார்; வெளிச்சம் புகவில்லை. முடியை வெட்டினார், சுத்தமாக விழுந்தது. "கட்டர்ல குத்தம் ஒண்ணும் இல்ல," என்று வெளியே வந்து சொன்னார். "அப்ப கைலதான் குத்தம்," என்று பெஞ்சில் யாரோ சொன்னார்கள். நாத்தனார் தலையைத் தூக்கவில்லை. அக்காவுக்குத் தான் சொன்னதையே யாரோ முகத்தில் திருப்பி அடித்தது போல இருந்தது. எட்டு வருஷத்தில் இரண்டாவது முறையாக, அத்தனை பேர் முன்னால், அவளைத் தலைகுனிய வைத்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு வேலையும் செய்யவில்லை. ஸ்டோரின் சின்னக் கம்பிச் சாளரத்துக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாலாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை நாத்தனார் கிரைண்டரால் பிளாஸ்டிக் பெட்டிகளில் கம்பி நுழைகிற வழியைச் செதுக்கினார். கிரைண்டரைக் கீழே வைத்ததும் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். முந்தானையில் தேய்த்தார். அப்புறம்தான் கட்டரைத் தொட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்த கிரைண்டரை எடுத்துவந்து ஓடவிட்டுத் தண்ணீர் டம்ளரை வைத்தார். தண்ணீர் நடுங்கியது. உள்ளே பேரிங் தேய்ந்துபோயிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே டம்ளரில் அசையாமல் நின்ற தண்ணீர். அன்றைக்குப் பிறகு அதை அவர் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. காலையில் இது கையை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. மத்தியானம் பழி கட்டர்மேல் விழுகிறது, கட்டர் தப்பித்ததும் கையின்மேல் விழுகிறது. இன்னொன்றும் உறைத்தது. அவர் பரீட்சை எல்லாம் காலை வேளையில், தூங்கி எழுந்த கையால், அதுவும் தன் கையால் நடப்பவை. சாயங்காலம் நாலு மணிக்கு ஓய்ந்துபோன கையில் ஒரு கட்டர் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காருகிற ஆளும் இல்லை. "கட்டரத்தான் பாத்தேன். கையப் பாக்கல," என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "சனிக்கிழமைக்குள்ள அவ கைக்கு ஒரு கட்டரும் கிரைண்டரும் நான் கொண்டுவரணும். கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"உங்களுக்குத்தான் அவங்களப் பிடிக்காதேக்கா," என்றார் சூப்பர்வைசர், பேனாவைத் தேடிக்கொண்டே.

"அவளைப் பிடிக்காதுதான். அவ கட்டற கம்பி பிடிக்கும்."

கைக்கேற்ற கருவி வேண்டுமென்றால் கையின் அளவு வேண்டும். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அக்கா ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கணவரின் முன்னால் வைத்தார்.

"உங்க தங்கச்சிய இதுல கைய வைக்கச் சொல்லுங்க."

"எதுக்குன்னு கேளுண்ணா."

"எதுக்குன்னா, கைரேகை பாக்கறதுக்கு. வைக்கச் சொல்லுங்க."

"நான் என்ன திருடியா, கைரேகை குடுக்க?"

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எட்டு வருஷத்தில் முதல்முறையாக, யாருடைய சேதியையும் சொல்லாமல், தங்கையின் கையைத் தானே பிடித்துத் தாளின்மேல் வைத்தார். அக்காவின் பென்சில் விரல்களைச் சுற்றி ஊர்ந்தது. பின்பு கணவர் வழியாகக் கையை முடிந்தவரை மடக்கச் சொல்லி, விரல் நுனி எங்கே வந்து நிற்கிறது என்று புள்ளி வைத்தார். மூன்று விரல் உள்ளங்கையைத் தொட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டன. நாத்தனார் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா அந்த ஒரு அங்குலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமையிலிருந்து ஸ்டோருக்குள் ஒரு விநோதம் நடந்தது. காலையில் வந்ததும் அக்கா துருப்பிடித்த பழைய கட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேண்டாத துண்டுக் கம்பிகளை வெட்டித் தள்ள ஆரம்பிப்பார். மூன்று மணிவரை. கை வீங்கி, விரல் மடங்க மறுக்கும்போது புதுக் கட்டர்களை எடுத்துப் பார்ப்பார். அதுவும் கடைசி இரண்டு விரலையும் ரப்பர் பாண்டால் கட்டிவைத்துக்கொண்டு. காலையில் பூப்போல இருந்த கட்டர் மூன்று மணிக்குப் பாறையாக இருந்தது. பன்னிரண்டில் ஒன்றுகூடத் தேறவில்லை. வீட்டில் கணவர் தைலம் தேய்த்துவிட்டபடி, "ஒரு கை உடைஞ்சது போதாதா?" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அக்கா கருவிக் கடைக்குப் போனார். வேண்டுமென்றே மத்தியானத்துக்கு மேல், கையை நன்றாக ஓய்த்துவிட்டு. கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "வந்துட்டாங்கய்யா. மேல் தட்டெல்லாம் இறக்கிடு," என்று உள்ளே குரல் கொடுத்தார். அக்கா பெட்டி பெட்டியாக வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரித்தார்.

"ஏங்க்கா, கட்டர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணுன்னா இவ்வளவு பாக்க மாட்டேன்."

முப்பத்தேழு கட்டர் பார்த்தாயிற்று. ஒரு தொல்லை புரிந்தது. வாய் சுத்தமாக மூடுகிற கட்டருக்கெல்லாம் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருந்தது. ஸ்பிரிங் மெதுவாக இருப்பதெல்லாம் பல்லை இளித்தது. அக்கா ஒற்றைக் காலில் நின்றார், இரண்டும் வேண்டும். கடைசியில், கைப்பிடி குட்டையான, வாய் இறுகிய ஒன்றை எடுத்தார். இளிக்கிற மெதுவான ஒன்றையும் எடுத்தார். கொண்டை ஊசியால் இரண்டின் ஸ்பிரிங்கையும் நெம்பிக் கழற்றினார். கடைக்காரர், "ஐயோ, ரெண்டையும் கெடுத்துட்டீங்களே!" என்று மூக்கால் அழுதார். "ரெண்டையும் பில் போடுங்க," என்றார் அக்கா. மெதுவான ஸ்பிரிங் இறுகிய வாயில் போய் உட்கார்ந்தது. வீங்கிய கையால், இரண்டு விரல் கட்டிய கையால் அழுத்தினார். மூடியது. தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை.

கிரைண்டர் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது. மோட்டார் தனியாக மேலே கொக்கியில் தொங்கும். வளைகிற குழாய் ஒன்று இறங்கி வரும். கையில் பிடிப்பது விரல் பருமன் பிடி மட்டும். "பல் டாக்டர் வச்சிருக்கற மாதிரி இருக்குன்னு யாருமே வாங்க மாட்டேங்கறாங்க," என்றார் கடைக்காரர். அக்கா அந்தப் பிடியை மேஜையில் கிடத்தி ஓடவிட்டு, கடைக்காரரின் டீ டம்ளரை இழுத்து அதை ஒட்டி வைத்தார்.

"டீயையாவது குடிக்க விடுங்கக்கா."

"அஞ்சு நிமிஷம் பொறுங்க. அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

டீயின் மேலிருந்த ஆடை அசையவே இல்லை.

சனிக்கிழமை காலை நாலாவது பெஞ்சுக்கு மேலே கொக்கியில் மோட்டார் தொங்கியது. மேஜையில் கட்டர் இருந்தது. யார் வைத்தது என்று நாத்தனார் கேட்கவில்லை. பெட்டியைச் செதுக்கினார். பதினொரு மணிக்குப் பிடியைக் கீழே வைத்தபோது, பழக்கத்தில் கை மேஜைக்கு அடியில் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. அடுத்த வேலையைத் தொட்டது.

அக்கா அன்றைக்குச் சாளரத்துப் பக்கம் வரவே இல்லை. ஸ்டோருக்குள், வெளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பெஞ்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல கட்டர் வெட்டுகிற சத்தம் காதில் விழாது. அங்கே கேட்கக்கூடியது, கட்டர் எஃகுத் தகட்டில் விழுகிற சத்தம்தான். மூன்று மணி, மூன்றரை, நாலு என்று அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலேகாலுக்கு ஏதோ விழுந்தது. அக்கா எழுந்தே விட்டார். யாரோ டிபன் மூடியைத் தட்டிவிட்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் பலகைக்கு மின்சாரம் கொடுத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். ஒவ்வொன்றும் எரிந்தது. தகட்டைச் சாய்த்து, வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. "சரி. கீழ வேற ஆளைப் போட்டுக்கறேன்," என்றார். பெஞ்சில் கை தட்டினார்கள். அக்கா திரும்பவில்லை. மூக்கை மட்டும் சிந்திக்கொண்டார்.

வேலை முடிந்ததும் கருவியை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வருகிற ஒவ்வொன்றையும் அக்கா ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார். எல்லோரும் கொடுத்துவிட்டுப் போனபிறகு நாத்தனார் சாளரத்துக்கு முன்னால் வந்து நின்றார். சேதி சொல்ல அண்ணன் அங்கே இல்லை.

"அண்ணி," என்றார். "இந்தாங்க."

அக்கா கட்டரை வாங்கினார். பார்க்காமலே மேஜைமேல் வைத்தார்.

"கையக் குடு," என்றார்.

சாளரத்தின் வழியாக நீண்ட அந்த வலது கையைத் தன் வீங்கிய கையில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி, இடது கண்ணை இறுக்கிக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.